சீவிய உரித்து உள்ள வீட்டை விற்கலாமா? பின்னால் வரப்போகும் பங்கை இப்போதே எழுதிக் கொடுக்கலாமா?

வெள்ளவத்தை மகள் எழுதியது:

வணக்கம். எங்கள் குடும்பத்தில் இரண்டு மாதங்களாக ஓயாமல் பேசப்பட்டு, பேசப்பேச மேலும் குழம்பிக்கொண்டிருக்கும் ஒரு காணி விடயத்தில் சட்டம் தெரிந்தவர்களின் விளக்கத்தை நாடுகிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், 12 பேர்ச்சஸ் காணியில் எங்கள் வீடு இருக்கிறது. அதை அப்பாவின் தகப்பனார் 1961இல் நன்கொடை உறுதி (பத்திரம்) மூலம் அப்பாவுக்குக் கொடுத்தார். அந்த உறுதியில், அப்பா அதை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது என்றும், அவருக்குப் பின் அது அவருடைய பிள்ளைகளைச் சேர வேண்டும் என்றும் ஒரு வாசகம் உண்டு. அப்பா 2008இல் வீட்டை என் பெயருக்கு நன்கொடையாக எழுதியபோது, தனக்கும் அம்மாவுக்கும் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டார். அவர் 2019இல் காலமானார். அம்மாவுக்கு இப்போது 78 வயது. கீழ்த்தளத்தில் இருக்கிறார், மேல்மாடி வாடகை அவருக்கே போகிறது.

இப்போது தொடர்மாடி கட்டும் நிறுவனமொன்று, காணியை எடுத்துக்கொண்டு இரண்டு வீடுகளும் ஒரு தொகைப் பணமும் தருவதாகச் சொல்கிறது. ஆனால் அவர்களுடைய சட்டத்தரணி 1961 உறுதியின் வாசகத்தையும் அம்மாவின் சீவிய உரித்தையும் காட்டி, உரித்துச் சுத்தமாக இல்லை என்கிறார்.

இதனோடு இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. அம்மாவுக்கு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் 5 பரப்புக் காணி முதுசமாக (பரம்பரைச் சொத்தாக) வந்தது உண்டு. கனடாவில் இருக்கும் அண்ணாவுக்குப் பண நெருக்கடி. அதில் தனக்கு வரவேண்டிய பாதியை இப்போதே உறவினர் ஒருவருக்கு விற்க நினைக்கிறார், வாங்குபவரும் பாதி விலைக்கு ஆயத்தமாக இருக்கிறார். “பின்னால் வரப்போவதுதானே, அறுதி விற்பனை உறுதியை இப்போதே எழுதினால் என்ன?” என்று இடைத்தரகர் ஒருவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அம்மா சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. “நான் இருக்கும்போதே என் காணியைப் பங்கு போடுகிறீர்களா?” என்று மட்டும் ஒருமுறை கேட்டார்.

நான் வீட்டை விற்க முடியுமா? அம்மா தன் சீவிய உரித்தை யாருக்காவது விற்க முடியுமா? அண்ணா செய்ய நினைப்பது சட்டத்தில் நிற்குமா?

கொட்டாஞ்சேனை நொத்தாரிசு எழுதியது:

உறுதிகள் எழுதிச் சான்றுபடுத்தும் நொத்தாரிசு என்ற முறையில் சொல்கிறேன். தங்கையின் மூன்று கேள்விகளும் ஒரே வகையானவை போலத் தோன்றினாலும், சட்டத்தின் கண்ணில் அவை மூன்று வெவ்வேறு பொருள்கள். இன்று கையில் இருக்கும் உரித்து, ஆனால் அனுபவிப்பது மட்டும் பின்னால் என்பது ஒன்று. இன்று அனுபவிக்கலாம், ஆனால் ஆளோடு முடிந்துபோகும் என்பது இன்னொன்று. இன்று எதுவுமே இல்லை, நாளை கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு மட்டும் என்பது மூன்றாவது. உங்களுடையது முதலாவது, அம்மாவுடையது இரண்டாவது, கொக்குவில் காணியில் உங்கள் அண்ணாவுடையது மூன்றாவது.

உங்கள் வீட்டை எடுத்துக்கொள்வோம். 2008 உறுதியை ஏற்று நீங்கள் கையெழுத்திட்ட நாளிலேயே உரித்து உங்களிடம் வந்துவிட்டது. அம்மாவின் காலத்துக்குப் பிறகுதான் வீடு உங்களுக்கு என்று அயலவர்கள் சொல்வார்கள், நீங்களும் அப்படியே நினைத்திருப்பீர்கள். அது பேச்சு வழக்கு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பின்னுக்குத் தள்ளப்பட்டிருப்பது குடியிருப்பும் வாடகையும் மட்டுமே. ஆகவே அந்த உரித்தை, சீவிய உரித்துக்கு உட்பட்டது என்று எழுதி, அம்மாவின் ஒப்புதல் இல்லாமலேயே நீங்கள் விற்கலாம், நன்கொடை செய்யலாம், மரணசாசனத்தில் எழுதலாம். நீங்கள் அம்மாவுக்கு முன் இறக்க நேர்ந்தாலும் அது உங்கள் வாரிசுகளுக்கே போகும். வாங்குபவர் அம்மாவை எழுப்ப முடியாது, வாடகையில் ஒரு சதம் கேட்க முடியாது; அவருடைய காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் அப்படி வாங்குபவர்கள் விலையை மிகவும் குறைத்துக் கேட்பார்கள். வங்கிகளும் பொதுவாகச் சீவிய உரித்தாளர் ஈட்டு உறுதியில் சேர்ந்து ஒப்பமிடாமல் கடன் கொடுக்க மாட்டா.

அம்மாவின் உரித்து வேறு இயல்புடையது. நம் நாட்டின் பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டத்தில் சீவிய உரித்து என்பது ஓர் ஆளைச் சார்ந்து சொத்தின் மேல் இருக்கும் ஒரு சுமை. அவர் அந்த வீட்டில் இருக்கலாம், குத்தகைக்கு விடலாம், அதன் பயனை அனுபவிக்கும்படி இன்னொருவருக்குப் பணத்துக்குக் கூட விட்டுக்கொடுக்கலாம். ஆனால் விட்டுக்கொடுக்கப்படுவது அனுபவிப்பு மட்டுமே. உரித்து அவரை விட்டு இன்னொருவருக்குக் கைமாறாது, மரணசாசனத்தில் எழுதவும் இயலாது. மேல்மாடியை அம்மா ஐந்து ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்து இரண்டாம் ஆண்டில் காலமானால், எஞ்சிய மூன்று ஆண்டுகளும் உங்களைக் கட்டுப்படுத்தா. இப்படிப்பட்ட வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் பலர் இதை அறிந்திருப்பதில்லை.

உங்கள் கட்டுமான நிறுவனத்துக்கு முக்கியமானது இன்னொரு விதி. சீவிய உரித்தாளர் பொருளின் அடிப்படையைக் கெடுக்கக் கூடாது, அதாவது அம்மாவால் வீட்டை இடிக்க முடியாது. அவருடைய அனுபவத்தைக் குலைக்கும் எதையும் நீங்களும் செய்யக் கூடாது, ஆகவே உங்களாலும் இடிக்க முடியாது. இடிப்பதற்கு இருவரும் வேண்டும். அம்மா சீவிய உரித்தை உங்களுக்கு விட்டுவிடுவதாகத் தனி உறுதி எழுதலாம், அல்லது அறுதி உறுதியிலேயே உங்களோடு ஒப்பமிட்டு அதைக் கைவிடலாம். எப்படிச் செய்தாலும் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் ஒப்பமிட்டதாக இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் “நான் விட்டுக்கொடுத்துவிட்டேன்” என்று எழுதி வாங்குவதற்குக் காணி விடயத்தில் பெறுமதி இல்லை.

1961 உறுதியில் இருக்கும் வாசகத்தைச் சட்டத்தரணிகள் பிடைகொமிசம் என்பார்கள். ஒருவருக்குக் கொடுத்து, அவர் கைமாற்றாமல் வைத்திருந்து, அவருக்குப் பின் வேறொருவருக்குச் சேரும்படி செய்யும் ஏற்பாடு அது. ஒரு காலத்தில் கொழும்பிலும் காலியிலும் இப்படிக் கட்டப்பட்ட சொத்துகள் ஏராளம். அவற்றை விற்பதற்கு 1876ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதிக்காக அலைய வேண்டியிருந்தது. அந்தக் கட்டு அப்படியே இருந்திருந்தால், அப்பா உங்களுக்கு மட்டும் எழுதியது செல்லாது. “பிள்ளைகள்” என்ற சொல்லுக்குள் அண்ணாவும் வருவதால் அவர் பாதி கேட்டிருக்கலாம். நிறுவனத்தின் சட்டத்தரணி அஞ்சுவது இதற்குத்தான். ஆனால் 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பிடைகொமிசங்களை ஒழித்துவிட்டது. அதன் பிறகு புதிதாக ஒன்றை உண்டாக்க முடியாது என்பதோடு, அந்த நேரத்தில் அப்படிப்பட்ட கட்டோடு சொத்தை வைத்திருந்தவர் முழு உரித்தாளராகவும் ஆனார். 1972இல் வீட்டை வைத்திருந்தவர் உங்கள் அப்பா. ஆகவே 2008இல் அவர் கொடுத்தது தன்னுடைய முழு உரித்தை.

இனி உங்கள் அண்ணா. இங்கே நான் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உயிரோடு இருக்கும் ஒருவருடைய சொத்தில் அவருடைய பிள்ளைக்கு எந்த உரித்தும் கிடையாது. வாரிசாகப் போகிறோம் என்பது நம்பிக்கை. நம்பிக்கைக்குக் காணிப்பதிவகத்தில் பக்கம் இல்லை. அம்மா நாளைக்கே அந்த 5 பரப்பையும் விற்கலாம், உங்களுக்கு எழுதலாம், ஒரு கோயிலுக்கு எழுதலாம். உயிரோடிருப்பவரின் முதுசத்தைப் பற்றி மற்றவர்கள் பேரம் பேசிக்கொள்ளும் ஒப்பந்தத்தை உரோம-டச்சுச் சட்டம் நல்லொழுக்கத்துக்கு மாறானதாகவே பார்த்தது. உங்கள் அம்மாவின் கேள்வியும் சற்றேறக்குறைய அதைத்தான் சொல்கிறது.

சென்னையில் சட்டம் படிப்பவன் எழுதியது:

ஐயாவின் முடிவு சரியானது. சொத்து மாற்றச் சட்டம், 1882இன் 6ஆம் பிரிவின் முதல் உட்பிரிவே இதைச் சொல்கிறது: வாரிசாக வரக்கூடியவரின் வாய்ப்பைக் கைமாற்ற முடியாது. 19ஆம், 21ஆம் பிரிவுகள் இன்றே சேர்ந்துவிட்ட உறுதியான நலனையும், ஏதாவது நடந்தால்தான் சேரும் நிபந்தனைக்கு உட்பட்ட நலனையும் பிரித்துக் காட்டுகின்றன. இந்தச் சகோதரியின் வீடு 19ஆம் பிரிவில் வரும்.

கொட்டாஞ்சேனை நொத்தாரிசு எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வது இந்தியச் சட்டம். அது இலங்கையில் நடைமுறையில் இல்லை. இங்கே அப்படி ஒரே கோவையாகத் தொகுத்த சட்டமும் இல்லை. முடிவு ஒன்றாக வருவதனால் பிரிவு இலக்கத்தை இங்குள்ள சட்டத்தரணியிடம் கொண்டுபோய்விட வேண்டாம் என்று தங்கைக்குச் சொல்லிவைக்கிறேன். ஆங்கிலச் சட்டத்திலும் நிபந்தனைக்கு உட்பட்ட எதிர்கால நலன்களை உறுதி மூலம் கைமாற்றலாம் என்பது 1845ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தெளிவாயிற்று. வாரிசின் வெறும் எதிர்பார்ப்பை அங்கும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆனால் உங்கள் இந்தியச் சட்டத்தின் 43ஆம் பிரிவுக்கு இணையான ஒன்று எங்களிடமும் உண்டு. தன்னிடம் இல்லாத உரித்தைத் தன்னுடையது என்று எழுதி விற்றவருக்குப் பிற்காலத்தில் அந்த உரித்து வந்து சேர்ந்தால், அது வாங்கியவருக்கே பயன்படும். விற்றவர் அதை மறுத்துப் பேச முடியாது. உரோம-டச்சுச் சட்டத்தின் இந்தக் கோட்பாட்டை நம் நீதிமன்றங்கள் நீண்ட காலமாக ஏற்று வந்திருக்கின்றன. இடைத்தரகர்கள் எங்கோ அரைகுறையாகக் கேட்டுவிட்டு “இப்போதே எழுதலாம்” என்று சொல்வது இதை வைத்துத்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் சொல்லாமல் விடுவது: அம்மா உயிரோடிருக்கும்போது வேறொருவருக்கு எழுதிவிட்டால் அண்ணாவுக்கு எதுவும் வந்து சேராது, வாங்கியவர் கையில் தாள்தான் மிஞ்சும். அதோடு, தன்னுடையதல்லாததைத் தன்னுடையது என்று உறுதியில் எழுதும்படி எந்த நொத்தாரிசையும் கேட்கக் கூடாது. நான் எழுத மாட்டேன்.

பதிவகத்தில் இருந்தவர் எழுதியது:

காணிப்பதிவகத்தில் பல ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்தவன் என்ற முறையில் இரண்டு சொற்கள். நொத்தாரிசு ஐயா அம்மாவின் சீவிய உரித்தை அப்பா “வைத்துக்கொண்டது” போலவே எடுத்துக்கொண்டார். அப்பா தனக்கென்று வைத்துக்கொண்டது உண்மையில் வைத்துக்கொண்டதுதான், ஏனென்றால் அவர் உரித்தாளர். அம்மாவுக்கு அந்த வீட்டில் முன்னர் எதுவும் இருக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது புதிதாகக் கொடுக்கப்பட்டது. ஆகவே 2008 உறுதியில் அம்மா அதை ஏற்று ஒப்பமிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பல உறுதிகளில் பிள்ளையின் ஒப்பம் மட்டும் இருக்கும், தாயின் பெயர் வாசகத்தில் மட்டும் இருக்கும். பிற்பாடு வழக்காடும்போது அது ஒரு கேள்வியாக எழும்.

மற்றது, காணிப்பதிவகத்தின் ஏட்டில் அந்தக் காணிக்குரிய பக்கத்தை நீங்களே பணம் கட்டிப் பாருங்கள். 2008 உறுதி சரியான பக்கத்தில், முந்திய உறுதிகளின் தொடர்ச்சியாகப் பதியப்பட்டிருக்கிறதா என்பது முக்கியம். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, பதியப்படாத உறுதி, பின்னர் பெறுமதி கொடுத்து வாங்கிப் பதிந்தவருக்கு எதிராக நிற்காது. சீவிய உரித்தை விடுவிக்கும் உறுதியை எழுதிவிட்டுப் பதியாமல் அலுமாரியில் வைத்துவிட்டு, பத்து வருடம் கழித்துத் தேடி வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். நொத்தாரிசு இறந்திருப்பார், சாட்சிகளில் ஒருவர் அவுஸ்திரேலியாவில் இருப்பார்.

கொட்டாஞ்சேனை நொத்தாரிசு எழுதியது:

அம்மாவின் ஒப்பம் பற்றி நண்பர் சொன்னது நியாயம். நான் அதை எழுதியிருக்க வேண்டும். விடுவிப்பு உறுதியில் அம்மா ஒப்பமிட்டால் எப்படியும் அந்தக் கேள்வி மூடப்படும். ஆனால் அம்மாவுக்குச் சீவிய உரித்தே செல்லுபடியாகவில்லை என்று சொல்லி அவரைத் தவிர்க்க யாராவது ஆலோசனை கூறினால், தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள்.

கைதடி மருமகள் எழுதியது:

ஒருவரும் தேசவழமையை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்தை, தொடவில்லையே. கேள்வி கேட்டவரும் அவருடைய கணவரும் தேசவழமைக்கு உட்பட்டவர்கள் என்றால், 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுசக் கட்டளைச்சட்டத்தின்படி, திருமணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். வீடு வெள்ளவத்தையில் இருப்பதால் விலக்குக் கிடையாது. அது ஆளைப் பின்தொடரும் சட்டம். என் சொந்தச் சம்பளத்தில் கல்கிசையில் நான் வாங்கிய காணிக்கு இந்த ஒப்பத்தைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத விரும்பவில்லை. ஆனால் உறுதி தயாராகும் நாளில் அது தெரியவருவதை விட இப்போதே தெரிந்திருப்பது நல்லது. உங்கள் அம்மா விதவை என்பதால் அவருக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை.

இன்னொன்று: வீடு அப்பாவுக்கு நன்கொடையாக வந்ததால் தப்பினீர்கள். திருமணத்துக்குப் பின் அவர் விலை கொடுத்து வாங்கியதாக இருந்திருந்தால் அது தேடியதேட்டமாகி (திருமண காலத்தில் தேடிய, இருவருக்கும் உரிய சொத்தாகி), அம்மாவின் பாதியையும் அவர் உங்களுக்கு எழுத முடியுமா என்ற கேள்வி வந்திருக்கும்.

கொக்குவில் காணியிலும் ஒரு வேடிக்கை உண்டு. அம்மா இருக்கும்வரை பிள்ளைகளுக்கு உரித்து இல்லை என்பது சரி. ஆனால் 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முன்கொள்வனவுக் கட்டளைச்சட்டம், விற்பவர் மரணசாசனமின்றி இறந்தால் வாரிசாக வரக்கூடியவர்களையும் பங்காளிகளோடு (காணியில் கூட்டாக உரித்து உள்ளவர்களோடு) சேர்த்து, மற்றவர்களுக்கு முன் வாங்கும் உரிமை உள்ளவர்களாக ஏற்கிறது. நாளைக்கு அந்தக் காணி உங்களுக்கும் அண்ணாவுக்கும் பிரிக்கப்படாத பங்காக வந்து, அதன் பிறகு அண்ணா வெளியாருக்கு விற்கப் போனால், முதலில் உங்களுக்கு அறிவிக்க வேண்டியிருக்கும்.

வெள்ளவத்தை மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று உறுதியை எடுத்துப் பார்த்தோம். கடைசிப் பக்கத்தில் என் ஒப்பத்துக்குக் கீழே அம்மாவின் ஒப்பமும் இருக்கிறது. கணவரின் சம்மதத்தில் சிக்கல் இல்லை.

இன்னும் இரண்டு கேள்விகள். அம்மா சீவிய உரித்தை விட்டுக்கொடுத்தால், தொடர்மாடி கட்டி முடியும் வரை அவர் கையில் எதுவுமே இல்லாமல் போகாதா? அண்ணாவுக்கு உண்மையிலேயே பணம் தேவை. அவருக்குச் சட்டப்படி ஒரு வழியும் இல்லையா?

கொட்டாஞ்சேனை நொத்தாரிசு எழுதியது:

முதற் கேள்வியைக் கேட்டது நல்லது. கட்டப்படாத மாடி வீடு என்பது உரித்து அல்ல. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரித்துச் சட்டத்தின் கீழ் அந்தக் கட்டடத்தின் வரைபடம் பதியப்பட்ட பிறகே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி எழுதலாம். அதுவரை உங்களிடம் இருப்பது ஒப்பந்தத்தின் மேல் ஓர் உரிமை மட்டும். நிறுவனம் இடையில் நொடித்தால் காணியும் போய், வீடும் இல்லாமல், நட்டஈட்டுக்கு வழக்காட வேண்டிய நிலை வரும். ஆகவே காணியை முதலிலேயே அறுதியாக எழுதிக் கொடுக்காமல், என்ன கட்டத்தில் எதை எழுதுவது என்பதை நொத்தாரிசு முன்னிலையிலான ஒப்பந்தமாகச் செய்து, அதைக் காணியின் பக்கத்தில் பதியுங்கள். அம்மா விட்டுக்கொடுப்பதற்குப் பதிலாக, கட்டி முடிந்ததும் இரண்டில் ஒரு வீட்டில் அவருக்குச் சீவிய உரித்து எழுதப்படும் என்பதையும், அதுவரை நிறுவனம் அவருக்கு வாடகை வீடு ஒழுங்கு செய்து, மேல்மாடியிலிருந்து வரும் தொகையையும் மாதந்தோறும் கொடுக்க வேண்டும் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் சேருங்கள். அம்மாவுக்காக உங்கள் சட்டத்தரணியைத் தவிர வேறொருவர் அதை ஒருமுறை வாசிப்பது நல்லது. உங்கள் நலனும் அவருடைய நலனும் இந்த இடத்தில் ஒன்றல்ல.

1961 வாசகத்தைப் பற்றி நிறுவனத்தின் சட்டத்தரணி இன்னும் தயங்கினால், அண்ணா தனக்கு அந்த வீட்டில் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று உறுதியில் ஒப்பமிடலாம். சட்டப்படி அது தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால் வாங்குபவரின் மன அமைதிக்காக எழுதப்படும் வாசகங்கள் எங்கள் தொழிலில் குறைவல்ல.

அண்ணாவுக்கு வழி உண்டு, ஆனால் அது அம்மாவின் கையில் இருக்கிறது. அம்மா விரும்பினால் கொக்குவில் காணியில் பாதியை அவருக்கு நன்கொடையாக எழுதி, தனக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொள்ளலாம். அண்ணா அதை ஏற்ற நாளில், எதிர்பார்ப்பாக இருந்தது உரித்தாகிவிடும். அதை அவர் உறவினருக்குச் சட்டப்படி விற்கலாம். அப்போது பங்காளி என்ற முறையில் அம்மாவுக்கும், முன்கொள்வனவு உரிமை உள்ள மற்றவர்களுக்கும் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அவர் இலங்கைப் பிரசாவுரிமையை விட்டிருந்தால், அவர் பெயருக்கு எதையும் எழுதுவதற்கு முன் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். இரட்டைப் பிரசாவுரிமை இருந்தால் அந்தத் தடை இல்லை. அவர் நேரில் வர முடியாவிட்டால் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் ஒருவர் ஒப்பமிட அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்பலாம், அதையும் இங்கே பதிய வேண்டும்.

வாங்குபவர் இன்னொன்றையும் கேட்பார்: நன்கொடை கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்று. மீளப்பெற முடியாதது என்று எழுதிய நன்கொடையைக்கூட, பெற்றவர் கொடிய நன்றியின்மை காட்டினால் 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் மீளப்பெறலாம். வெள்ளவத்தை வீட்டில் கொடுத்தவர் உங்கள் அப்பா, அவர் இப்போது இல்லை. கொக்குவிலில் கொடுப்பவராக அம்மா உயிரோடிருப்பார். ஆகவே அந்த உறவினரின் சட்டத்தரணி, விற்பனை உறுதியில் அம்மாவும் ஒப்பமிட வேண்டும் என்று கேட்டால் அது அவமதிப்பல்ல.

வெள்ளவத்தை மகள் எழுதியது:

அண்ணாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். அவரிடம் இரட்டைப் பிரசாவுரிமை இருக்கிறதாம். இடைத்தரகருக்கு முற்பணம் ஏதும் கொடுக்கவில்லை என்றும் சொன்னார். அம்மாவிடம் நன்கொடை பற்றி அவரே பேசுவதாக இருக்கிறார். நான் நாளை காலை காணிப்பதிவகத்துக்குப் போகிறேன்.

பதிவகத்தில் இருந்தவர் எழுதியது:

1961 உறுதியின் இலக்கத்தையும் அதைத் தாக்கல் செய்த நொத்தாரிசின் பெயரையும் எழுதிக் கொண்டுபோங்கள். பழைய ஏடுகளில் தேட அதுதான் வேண்டும்.